துப்பாக்கிக் கட்டையில் செம்புக் கொடி

மத்திய சிறை, சேலம்
24.7.2023

அன்பு அக்கா கலைமணிக்கு, தம்பி ரஞ்சித்குமார் எழுதுவது.

என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீயும் மாமாவும் பாப்பாவும் சுகமா? குனிந்து குனிந்து வேலை செய்து வந்த உன் கழுத்துவலி இப்போது தேவலையா?

இங்கே போன் பேச விடுகிறார்கள். ஆனால் நம்பரை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். உன் வீட்டில் இருப்பது சிவக்குமார் மாமாவின் போன். அதில் பேச எனக்கு மனமில்லை. அதனால்தான் கடிதம். இதையும் இங்கே படித்துப் பார்த்த பிறகுதான் அனுப்புவார்கள், தெரிந்துகொள்.

ஊரில் ஆளுக்கு ஒன்று பேசுவார்கள். நீ என்னிடமிருந்தே கேட்டுக்கொள். பத்தாம் தேதி விடியும் நேரத்தில் காட்டோரம் வேட்டைத் தடுப்புக் காவலர் மாரியப்பன் காலில் குண்டு பட்டது உண்மை. அங்கே என் பைக் நின்றதும் உண்மை. தக்காளிக்குத் தண்ணீர் திருப்பப் போகிறவன் வண்டியை வேறு எங்கே நிறுத்துவான்? துப்பாக்கியை எடுத்தது ஆடு மேய்க்கும் ஆண்டியின் பட்டியில். பட்டி நம் நிலத்தை ஒட்டி இருப்பதால் என்னையும் சேர்த்துவிட்டார்கள். அந்தத் துப்பாக்கியை நான் கண்ணால் பார்த்ததில்லை. ஸ்டேஷனில்கூடச் சாக்கில் சுற்றித்தான் வைத்திருந்தார்கள்.

என் பைக் என்று போலீசுக்கு யார் சொன்னது? உள்ளே உட்கார்ந்து இதையேதான் யோசிக்கிறேன்.

மருந்தை நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
ரஞ்சித்குமார்


காரிமங்கலம்
2.8.2023

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் மூவரும் சுகம். உனக்குச் சாப்பாடு சேருகிறதா, வயிற்றெரிச்சல் திரும்ப வந்ததா என்று எழுது.

போன வாரம் மனு போட்டு உன்னைப் பார்க்க வந்தேனே, அன்று பேச நினைத்தது எதையும் பேசவில்லை. வலைக்கு இந்தப் பக்கம் இருபது பேர், அந்தப் பக்கம் இருபது பேர், எல்லோரும் கத்துகிறார்கள். நீ சொன்னதில் "சட்டை" என்பது மட்டும் காதில் விழுந்தது. இரண்டு சட்டை எடுத்து வைத்திருக்கிறேன்.

உன் தக்காளியை மாமா ஆள் வைத்துப் பறித்து, தன் வண்டியிலேயே மாரண்டஹள்ளி மண்டிக்கு ஏற்றிப் போகிறார். செடி காயவில்லை. கவலைப்படாதே.

மாரியப்பனுக்கு முழங்காலுக்கு மேலே காலை எடுத்துவிட்டார்களாம்.

ஓசூர் பட்டறையிலிருந்து போட்டிக்குச் சுடுகிறவர்களின் ஏர்கன் துப்பாக்கிகளுக்கான மரக் கட்டைகள் ஆறு பஸ்ஸில் வந்தன. வழக்கமான செம்பு வேலைதான். நீ பார்த்திருக்கிறாய், கம்பியைக் காய்ச்சி, தட்டித் தகடாக்கி, மரத்தில் கீறிய கோட்டுக்குள் நிமிர்த்தி இறக்க வேண்டும். கோடு ஒரு மயிரிழை பிசகினாலும் கம்பி நிற்காது. இந்தத் தடவை இரண்டு கட்டையில் பிசகிவிட்டது. இப்போதெல்லாம் கை சொன்னபடி கேட்பதில்லை.

ஆண்டி அங்கேதான் இருக்கிறாரா? பார்த்தால் அவர் மனைவி காவேரி விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அக்கா


மத்திய சிறை, சேலம்
14.8.2023

அன்பு அக்காவுக்கு,

நலம். நலம் அறிய ஆவல். சட்டை வந்து சேர்ந்தது. வயிறு பரவாயில்லை.

நீ நல்லவள், அதனால் எல்லோரையும் உன்னைப் போல நினைக்கிறாய். நான் சொல்வதைக் கோபப்படாமல் படி. பத்தாம் தேதி காலையில் மாமா எங்கே இருந்தார்? மாரண்டஹள்ளி மண்டியில். போலீஸ் முதலில் விசாரித்தது எங்கே? அதே மண்டியில். வரப்புத் தகராறில் அவரும் நானும் பேச்சை விட்டு ஏழு மாதம் ஆகிறது. இப்போது என் தக்காளியைப் பறிக்கிறார், என் நிலத்தில் நடக்கிறார். நான் உள்ளே இருக்க இருக்க யாருக்கு வசதி என்று நீயே யோசி.

அவர் போனில் அன்றைய தேதியில் யார் யாருக்குப் பேசியிருக்கிறார் என்று ஒரு தடவை பார். நேரில் கேட்காதே. கேட்டால் அழித்துவிடுவார்.

அப்பா அம்மா போன பிறகு எனக்கு நீதான், உனக்கு நான்தான். இதை மறக்காதே.

ஆண்டி அடுத்த பிளாக்கில் இருக்கிறார். நலமாக இருக்கிறார்.

இப்படிக்கு,
ரஞ்சித்


காரிமங்கலம்
5.9.2023

தம்பி ரஞ்சித்துக்கு,

நாங்கள் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். பதில் தாமதமானதற்குக் காரணம் இருக்கிறது.

உன் கடிதம் வந்த நாளிலிருந்து மாமாவை வேறு கண்ணால் பார்க்க ஆரம்பித்தேன். அவர் போன் பேச வெளியே போனால் ஜன்னலருகே போய் நிற்பேன். வண்டி வர அரை மணி நேரம் தாமதித்தால் எங்கே போயிருப்பார் என்று கணக்குப் போடுவேன். சட்டைப் பையில் இருந்த துண்டுச் சீட்டையெல்லாம் எடுத்துப் படித்தேன். இப்படி இரண்டு வாரத்துக்கு மேல். பதினோரு வருஷம் கூட வாழ்ந்த மனிதரிடம் இப்படி நடந்துகொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் குளிக்கப் போனபோது போனை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலை துவட்டிக்கொண்டே வந்து நின்றார்.

"என்ன தேடற? என்கிட்டயே கேக்கலாமில்ல?"

கேட்டேன். மறைக்காமல் சொன்னார். அன்று மண்டியில் போலீஸ் ஒரு போட்டோவைக் காட்டி, இந்த வண்டி யாருடையது என்று எல்லோரையும் கேட்டார்களாம். "என் மச்சினன் வண்டின்னு சொன்னேன். எதுக்குக் கேக்கறாங்கன்னு அப்பத் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் பொய் சொல்லியிருக்க மாட்டேன்" என்றார்.

இன்னொன்று. நேற்று இன்ஸ்பெக்டர் ஓசூர் பட்டறைக்குப் போய்விட்டு இங்கே வந்தார். பிடிபட்ட துப்பாக்கியின் கட்டையில் செம்பு வேலை இருக்கிறதாம். போட்டோவைக் காட்டி, இது யார் கை வேலை என்று கேட்டார். போட்டோவில் ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


மத்திய சிறை, சேலம்
13.9.2023

என் அன்பு அக்காவுக்கு,

நீ நலமா? உன் கடிதம் கையில் கிடைத்த அன்றே பதில் எழுதுகிறேன்.

மாமா ஒத்துக்கொண்டார் பார்த்தாயா? எதுக்கு என்று தெரியாமல் சொன்னாராம். சரி, விடு. அது நடந்து முடிந்தது.

இன்ஸ்பெக்டரிடம் நீ சொன்னது ரொம்பச் சரி. மறுபடி வந்தாலும் அதையே சொல். ஓசூரிலும் மைசூரிலும் இந்த வேலை தெரிந்தவர்கள் எத்தனையோ பேர். கட்டையின் இடது பக்கம் ஒரு கொடி ஓடுகிறது என்பதற்காக இன்னார்தான் போட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. வக்கீலும் அதைத்தான் சொல்கிறார். நீ எதையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. நன்றாகச் சாப்பிடு, தூங்கு.

ஆண்டியிடம் பேசினேன். தங்கமான மனிதர். எல்லாம் சீக்கிரம் சரியாகிவிடும்.

பாப்பாவுக்கு என் முத்தம். மறக்காமல் பதில் போடு.

ரஞ்சித்


மத்திய சிறை, சேலம்
6.10.2023

அன்பு அக்காவுக்கு,

நலமா? மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. இரண்டு மனு நாள் போய்விட்டது, நீயும் வரவில்லை. உடம்பு சரியில்லையா? மாமா உன்னை எழுத விடவில்லையா? மறுபடி யாராவது வீட்டுக்கு வந்தார்களா?

ஒரு கார்டாவது போடு.

ரஞ்சித்


காரிமங்கலம்
20.10.2023

தம்பிக்கு,

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. மாமா என்னைத் தடுக்கவில்லை. வேலை இருந்தது.

காவேரி வந்திருந்தாள். வந்தவள் உட்காரவே இல்லை. "எங்கூட்டுக்காரரு கோர்ட்ல ஒத்துக்கப் போறாராங்க அக்கா. துப்பாக்கி என்னுதுதான், நான்தான் சுட்டேன்னு சொல்லப் போறாராம். அதுக்கு உங்க தம்பி மேட்டு நிலத்துல எங்களுக்கு வூடு கட்ட எடம் எழுதித் தர்றாராம். நெசங்களா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. போகும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள்.

இது நிஜமா?

மாசியில் ஒரு கட்டை கொண்டுவந்து கொடுத்தாய். பாலக்கோட்டு ராஜாவின் ஏர்கன்னுக்கு என்றாய். அது அவரிடம் பத்திரமாக இருக்கிறதா?

இந்த இரண்டுக்கும் பதில் எழுது.

கலைமணி


மத்திய சிறை, சேலம்
30.10.2023

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதத்தில் "அன்பு" என்ற சொல்லைக்கூடக் காணோம். நான் என்ன பாவம் செய்தேன்?

காவேரி பயந்து போய் ஏதேதோ பேசுகிறாள். ஆண்டி குற்றம் செய்திருந்தால் ஒத்துக்கொள்ளட்டும், அது அவருக்கும் கோர்ட்டுக்கும் உள்ள விஷயம். ஏழைக் குடும்பத்துக்கு நிலத்தில் ஒரு மூலையைக் கொடுப்பது தப்பா?

ராஜாவின் கட்டை ராஜாவிடம்தான் இருக்கிறது. போன மாதம் அவனே சொல்லி அனுப்பினான். நீ அவனைத் தேடிப் போக வேண்டாம். அவன் பெங்களூரில் வேலைக்குப் போய்விட்டான்.

அம்மா செத்த அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு நீ சொன்னதை நினைத்துப் பார். நான் அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். கல்யாணமாகி வேறு வீட்டுக்குப் போனால் ரத்தம் மாறிவிடுமா? உன் வாயிலிருந்து ஒரு சொல் வந்தால் என் பத்து வருஷம் போய்விடும். அவ்வளவுதான் எழுதுவேன்.

தீபாவளிக்குப் பாப்பாவுக்குப் புதுத் துணி எடுத்தாயா?

உன் தம்பி,
ரஞ்சித்


காரிமங்கலம்
18.12.2023

ரஞ்சித்துக்கு,

நீ உடல் நலத்தோடு இருக்க வேண்டும் என்று கும்பிட்டுவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எட்டு வாரமாக நான் எழுதவில்லை. எழுதினால் உன்னிடம் பொய் சொல்ல வேண்டியிருந்திருக்கும். இப்போது எல்லாவற்றையும் எழுதுகிறேன். யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளட்டும்.

துப்பாக்கியைக் கண்ணால் பார்க்கவில்லை என்று முதல் கடிதத்தில் எழுதினாய். செம்பு வேலை என்று மட்டும்தான் நான் உனக்கு எழுதினேன். கொடி என்றோ இடது பக்கம் என்றோ எழுதவில்லை. என் கடிதத்தின் ஒவ்வொரு வரியையும் நினைவுபடுத்திப் பார்த்தேன். எழுதவில்லை. உன் பதிலில் அவை இருந்தன.

நானும் யோக்கியமானவள் இல்லை. இன்ஸ்பெக்டர் போட்டோவை நீட்டியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. அவரைக்கொடி. அதன் ஒவ்வொரு நுனியிலும் ஒரு செம்புப் புள்ளி. கம்பியின் நுனி நாளடைவில் மேலே எழும்பும். அதனால் கடைசியில் சின்னதாகத் துளை போட்டுச் செம்பு ஆணி ஒன்றை இறக்கிவிடுவேன். பட்டறையில் வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை, நேரமாகும் என்று. மாசியில் நீ அந்தக் கட்டையைக் கொண்டுவந்தபோது அதன் அடியில் நீளமாக ஒரு பள்ளம் இருந்தது. ஏர்கன் கட்டையில் அந்தப் பள்ளம் இருக்காது. நாட்டுத் துப்பாக்கியில் வெடிமருந்தைக் கெட்டிக்கும் கம்பியைச் செருகி வைக்கிற பள்ளம் அது. எதற்கு என்று கேட்டேன். பெல்ட் மாட்ட என்றாய். எனக்குப் புரிந்தது. புரியாதது போல வேலையைத் தொடர்ந்தேன். தம்பி ஆசையாகக் கேட்கிறான், நன்றாக அமைய வேண்டும் என்று மற்றவர்களுக்குச் செய்வதைவிடக் கூடுதலாக நான்கு நாள் உட்கார்ந்தேன்.

உன் கடைசிக் கடிதம் வந்த மறுநாள் பாலக்கோடு போனேன். ராஜா பெங்களூர் போகவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவர் செல்போன் கடையிலேயே இருந்தார். "எனக்கு ஏர்கன்னே கெடையாதுங்க அக்கா. யார் சொன்னது?" என்றார்.

அங்கிருந்து மாரண்டஹள்ளி பஸ் ஏறி மாரியப்பன் வீட்டுக்குப் போனேன். ஏன் போனேன் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. ஏதோ சங்கத்திலிருந்து வந்திருப்பதாக நினைத்து அவர் மனைவி டீ வைத்துக் கொடுத்தாள். குடித்து முடித்த பிறகுதான் நான் யார் என்று சொன்னேன். டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள் திரும்பி வரவில்லை. மாரியப்பன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மடித்து விட்ட லுங்கியை இழுத்து மூடிக்கொண்டார். யார் சுட்டது என்று அவர் பார்க்கவில்லையாம். ஆனால் ஒன்று சொன்னார்: "ஆண்டிக்குக் கண்ணு மங்கலுங்க. பத்தடியில நிக்கற ஆட்டையே பேர் சொல்லிக் கூப்ட்டுத்தான் கண்டுபிடிப்பாரு. அவரு எங்க சுடறது? ஆனா அவரே ஒத்துக்கிட்டா நான் என்ன சொல்லிப் பேசறதுங்க?"

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் மாமாவிடம் சொன்னேன். மாசியில் நான் வாயை மூடிக்கொண்டதையும் சொன்னேன். "உன் தம்பியைப் பத்தி அன்னைக்கே சொன்னேன்" என்று அவர் ஆரம்பிப்பார் என்று நினைத்தேன். அவர் அப்படிப் பேசவில்லை. "நீ போய்ச் சொல்லறதுன்னா நான் வண்டி எடுக்கறேன். சொல்லலேன்னாலும் நான் கேக்க மாட்டேன்" என்றார்.

ஒரு மாதத்துக்கு மேல் யோசித்தேன். அம்மா செத்த அன்று உன்னிடம் நான் சொன்னது எனக்கும் நினைவிருக்கிறது. உன்னைக் கைவிட மாட்டேன் என்றேன். வேறொருவரை உன் இடத்தில் உட்கார வைப்பேன் என்று சொல்லவில்லை.

போன வியாழக்கிழமை மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம் கொடுத்தேன். கட்டையை மேஜைமேல் வைத்திருந்தார்கள். தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டுத் தொட்டுப் பார்த்தேன். இது யார் வேலை என்று கேட்டார். என் வேலை என்றேன்.

"யாருக்குச் செஞ்சு குடுத்தீங்க?"

"என் தம்பிக்குங்க. ரஞ்சித்குமாருக்கு."

எழுதிக்கொண்டார்கள். கையெழுத்துப் போட்டேன். என்மேலும் வழக்கு வரலாம் என்று சொன்னார்கள். வரட்டும். ஓசூர் பட்டறையில் இனிக் கட்டை அனுப்ப மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

குளிர் அதிகம். கம்பளி ஒன்று கொடுத்தனுப்புகிறேன்.

கலைமணி


காரிமங்கலம்
22.1.2024

ரஞ்சித்துக்கு,

நலமா? கம்பளியை வாங்கிக்கொண்டாயா என்று தெரியவில்லை. பொங்கலுக்கு முன்னால் இரண்டு தடவை மனு போட்டேன். கைதி பார்க்க விரும்பவில்லை என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

ஆண்டிக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. மாமாதான் வண்டியில் போய் அழைத்து வந்தார். காவேரி அவரைப் பட்டிக்குக் கூட்டிக்கொண்டு போய், ஒவ்வோர் ஆட்டின் கழுத்திலும் அவர் கையை வைத்துக் காட்டினாளாம். என்னைப் பார்க்க இருவரும் வரவில்லை. வந்தால் என்ன பேசுவது என்று எனக்கும் தெரியாது.

ஒரு வரி எழுது.

அக்கா


மத்திய சிறை, சேலம்
11.3.2024

மதிப்பிற்குரிய சிவக்குமார் மாமா அவர்களுக்கு, ரஞ்சித்குமார் வணக்கத்துடன் எழுதுவது.

நான் நலம். நீங்கள் நலமா? மூட்டை ஏற்றி இறக்கி வந்த இடுப்புவலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்த்துக்கொள்கிறீர்களா?

வண்டி விஷயத்தில் உங்களைத் தப்பாகப் பேசிவிட்டேன். அதற்கு மன்னிக்க வேண்டும்.

வக்கீலிடம் சொல்லிவிட்டேன். கோர்ட்டிலும் சொல்லப் போகிறேன். இதைப் படிப்பவர்கள் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன். காட்டுப்பன்றி மூன்று வருஷமாக மக்காச்சோளத்தை அழித்துக்கொண்டிருந்தது. லைசென்ஸ் கேட்டு அலைந்து பார்த்துவிட்டுப் பழைய துப்பாக்கி ஒன்றைத் தேடி வாங்கினேன். அன்று சோளத் தட்டை அசைந்தது. பன்றி என்று சுட்டேன். "ஐயோ அம்மா" என்று குரல் வந்தது. யார் குரல் என்றுகூடத் தெரிந்தது, மாமா. பக்கத்தில் போகவில்லை. துப்பாக்கியை ஆண்டியின் பட்டியில் தழைக்கு அடியில் செருகிவிட்டு ஓடினேன். அன்று போய்த் தூக்கியிருந்தால் அவருடைய காலை எடுத்திருக்க வேண்டியதில்லை என்று டாக்டர் எழுதியிருப்பதாக வக்கீல் சொன்னார்.

மேட்டு நிலத்தில் ஆண்டிக்குச் சொன்ன இடத்தை அவருக்கே கொடுத்துவிடுங்கள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்காக அதை நிறுத்த வேண்டாம். மீதி நிலத்தை நீங்களே உழுதுகொள்ளுங்கள்.

பாப்பா இரண்டாம் வகுப்பில் நன்றாகப் படிக்கிறாளா? பல் விழுந்து முளைத்துவிட்டதா? சிவப்பு மாடு கன்று போட்டதா? ஆண்டியும் காவேரியும் சுகமா? மாரியப்பனை எப்போதாவது பார்த்தால் அவர் நலத்தையும் எனக்கு எழுதுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்
ரஞ்சித்குமார்


காரிமங்கலம்
19.3.2024

அன்புத் தம்பிக்கு,

மாமாவுக்கு நீ எழுதிய கடிதத்தை அவர் எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார். கேட்டுவிட்டு, ஏதோ ஒரு வரியை விட்டுவிட்டாரோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். பிறகு கையில் வாங்கி நானே படித்தேன். அவர் எதையும் விடவில்லை.

நீ கேட்டதற்கெல்லாம் பதில் எழுதச் சொன்னார். மாமாவுக்கு இடுப்புவலி குறைந்திருக்கிறது. பாப்பாவுக்கு முன்பல் இரண்டும் முளைத்துவிட்டன. சிவப்பு மாடு கிடாரிக் கன்று போட்டது. ஆண்டியும் காவேரியும் சுகம். நிலத்தில் இடம் வேண்டாம் என்று ஆண்டி சொல்லிவிட்டார். மாரியப்பன் ஊன்றுகோலோடு வாசல்வரை நடக்கிறார்.

நீ கேட்காததையும் எழுதுகிறேன். நான் உயிரோடு இருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறேன். தூக்கம் மட்டும் சரியில்லை.

வருகிற செவ்வாய்க்கிழமை மனு போடுவேன். விருப்பமில்லை என்று நீ எழுதிக் கொடுத்தாலும் பரவாயில்லை. மாலைவரை வெளியே உட்கார்ந்திருந்துவிட்டுக் கடைசி பஸ்ஸுக்குத் திரும்புவேன். அடுத்த செவ்வாயும் வருவேன்.

உன் உடம்பு எப்படி இருக்கிறது?

அக்கா